நான்காம் எண் நோட்டு

1916-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் வாலர்ஸ்ரோடாவில் சில்லறைக் காசு காணாமல் போனது. வெள்ளிக் காசுகளை ஜனங்கள் மெத்தைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். நிக்கல் காசுகளை அரசாங்கம் யுத்தத்துக்கென்று உருக்கியது. ரொட்டிக் கடையில் மீதிக்குப் பதிலாகத் தீப்பெட்டி கொடுத்தார்கள். கடைசியில் நகரசபையே தன் பெயரில் பத்து ஃபென்னிக், ஐம்பது ஃபென்னிக் நோட்டுகளை அச்சடித்தது; நூறு ஃபென்னிக் ஒரு மார்க். ஒரு முத்திரை, மேயர் கையெழுத்து, 'கொண்டுவருபவருக்கு நகரசபைக் கருவூலம் பணம் தரும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஊர் எல்லையைத் தாண்டினால் அதை ஒருவரும் வாங்க மாட்டார்கள். மீன்கடை வழியாக வந்த நோட்டு மீன் நாற்றமடிக்கும். கிழிந்ததைக் கோதுமைப் பசை தடவி ஒட்டிக்கொண்டு செலவழித்தோம்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் காசு திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குள் புதுப் பைத்தியம் ஒன்று நாடெங்கும் பிடித்துவிட்டது. படம் போட்ட ஊர் நோட்டுகளைப் பணக்காரர்கள் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஆல்பத்தில் ஒட்டிய நோட்டை யாரும் கருவூலத்துக்குக் கொண்டுவந்து பணம் கேட்கப் போவதில்லை. அச்சுக்கூலி போக மற்றதெல்லாம் ஊருக்கு லாபம். அக்கம்பக்கத்து ஊர்கள் பேய்க் கதையும் கோட்டைச் சுவருமாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. எங்கள் மேயர் லாங்கெர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

என் பெயர் ஓட்மார் ஃபெல்க்னர். பெண்கள் பள்ளியில் ஓவிய வாத்தியார். ஒரு கால் சற்றுக் குட்டை என்பதால் என்னைப் போர்முனைக்கு எடுக்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை. 1921 வசந்தத்தில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் மேயர் என்னைக் கறுப்பு வாத்து மதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரசபைக்காரர்கள் அங்கே கூடியிருந்தார்கள்.

"வாத்தியாரே, ஆறு படம் வேணும். ஐம்பது ஃபென்னிக் நோட்டுக்கு. அஞ்சு முடிவாகிடுச்சு. சர்ச் கோபுரம், வாத்துச் சந்தை, பழைய பாலம், தீ விபத்து, சாராய வண்டி கவிழ்ந்தது. இன்னும் ஒண்ணு, பாத்ததும் சிரிப்பு வரணும்" என்றார் மேயர்.

"நம்ம டர்னிப் ராணியைப் போட்டா என்ன?" என்றார் மருந்துக்கடை ரோசல்.

மேஜையே அதிர்ந்தது. மதுக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பீர் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லோருக்கும் தெரிந்த கதை அது. 1917 பிப்ரவரியில் உருளைக்கிழங்கு அடியோடு தீர்ந்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத்தான் ஊரே தின்றது. பழைய சாராய ஆலையில் கிழங்கைக் குவித்து, ரேஷன் அட்டைக்கு இத்தனை என்று நகரசபை அளந்து கொடுத்தது. சலவைக்காரி ஹெட்விக் கோபர், புருஷனைப் போரில் இழந்தவள், அங்கே கூடை கழுவும் வேலைக்கு வந்தாள். ஒரு நாள் மத்தியானம் வெளியே போகும்போது அவள் உள்பாவாடையில் தைத்திருந்த பை பிய்ந்து, கிழங்குகள் சந்தைச் சதுக்கத்தில் உருண்டு ஓடின. போலீஸ்காரர் நோல் அவளைப் பிடித்தார். நகரசபைக் கட்டடத்தின் அடியில் மூன்று நாள் அடைத்து வைத்தார்கள்.

"முகம் தெரியற மாதிரி வேண்டாமே" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கழுத்தைச் சுத்தி முக்காடு கட்டுவாளே, அதையும் போட்டுடறேன்" என்றுதான் சொன்னேன்.

அந்தப் படம்தான் ஆறிலும் நன்றாக வந்தது. அவள் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். பாவாடைக்கடியிலிருந்து கிழங்குகள் உருள்கின்றன. பின்னால் நோல், அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டிச் சிரிக்கும் வாத்துகள். அவளுடைய அகன்ற தாடையும் ஒரு பக்கமாக இழுத்த உதடும் அச்சு அசலாக இருந்தன. கீழே ரோசல் எழுதிய இரண்டு வரி:

பாவாடைக்குள்ளே தோட்டம் வைத்தாள்
பஞ்ச காலத்தில் அறுவடை செய்தாள்.

"எப்படி ஐயா இவ்வளவு தத்ரூபமா வந்துச்சு?" என்று மேயர் முதுகில் தட்டினார்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அன்று நான் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கிழங்கு அளக்கும் மேற்பார்வைக்கு வாத்தியார்களைத்தான் போட்டிருந்தார்கள். அவளுக்குச் சற்று முன்னால் அதே வாசல் வழியாக நானும் வெளியே வந்திருந்தேன். என் தோல்பையில் ஏழு கிழங்கு இருந்தது. நோல் எனக்கு சல்யூட் அடித்து வழிவிட்டார். வாத்தியார் பையை யார் திறந்து பார்ப்பார்கள்? பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன், பார்த்தேன். பை தோளை அழுத்த, கடைசிக் கிழங்கைப் பொறுக்கி முடிக்கும்வரை நின்று பார்த்தேன். எனக்குப் பிள்ளையா குட்டியா? நான் ஒருத்தன் தின்னத்தான் அந்த ஏழும்.

இது நினைவிருந்தும்தான் அந்தப் படத்தை வரைந்தேன். நினைவு வரவர வாத்துகளின் வாயை இன்னும் பெரிதாக்கினேன். கிடைத்த கூலியில் ஒரு குளிர்கோட்டு தைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் நோட்டுகள் வந்தன. ஆறும் சேர்ந்த கட்டு இருபதாயிரம்; டர்னிப் ராணிக்கு நான்காம் எண் போட்டிருந்தார்கள். லைப்சிக்கிலிருந்தும் பெர்லினிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. நான்காம் எண்ணை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். ஊருக்குள்ளேயும் அதுதான் புழங்கியது. ஹெட்விக் ரொட்டி வாங்கினால் மீதியாக அவள் கையில் வந்ததும் அதுவே.

திங்கட்கிழமைதோறும் அவள் என் அழுக்குத் துணியை எடுக்க வருவாள். நோட்டு வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, போன வாரக் கூலி கொடுக்கப் பணப்பையைத் திறந்தேன். எல்லாமே படம் போட்ட நோட்டுகள். பழைய வெறும் நோட்டு ஏதாவது கிடைக்குமா என்று மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தேன்.

அவள் வாசலில் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "எதுக்கு ஐயா தேடுறீங்க? அதையே குடுங்க. கடையில எல்லாம் ஒரே வெலைதான்" என்றாள்.

கொடுத்தேன். அவள் எண்ணாமல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, என் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் மகள் ஃப்ரீடல் என் வகுப்பில்தான் படித்தாள். பன்னிரண்டு வயது. நன்றாக வரைவாள். அந்த வாரம் பின் பெஞ்சில் ஒருத்தி நோட்டை ஃப்ரீடலின் கன்னத்தோடு வைத்து, "தாடை அப்படியே அம்மா தாடைடி!" என்றாள். வகுப்பே சிரித்தது. ஃப்ரீடல் என்னைப் பார்த்தாள். நான் அதட்டி அடக்கியிருக்க வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பி, போட்டிருந்த கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டேன். மறுநாளிலிருந்து அவள் ஓவிய வகுப்புக்கு வரவில்லை.

மேயரிடம் போனேன். "நாலாம் எண்ணை நிறுத்திடலாமா? அந்தம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றேன்.

"நிறுத்தறதா? பள்ளிக்கூடக் கூரை ஓடு மாத்தறதே அந்தம்மா தயவுலதானே!" என்றார் அவர். "நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். அறுவடைத் திருவிழாவுக்கு சேகரிக்கிறவங்க ரெயில் ஏறி வர்றாங்க. வரைஞ்ச நீங்களும் அந்தம்மாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நோட்டுல கையெழுத்துப் போடணும். நூறு மார்க் தர்றேன்னு சொல்லுங்க. உங்க துணி துவைக்கிறவதானே, நீங்க சொன்னா கேப்பா."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்தது "கேட்டுப் பாக்கறேன்" என்பதுதான்.

ஓடைக்கரைச் சலவைக் கொட்டகையில் அவள் கொதிக்கும் அண்டாவைக் கழியால் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஆவிக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"என்ன எழுதணும்?"

"உங்க பேரு."

"என் கையால நான் எழுதறது. எதை வேணா எழுதலாமா?"

"எதை வேணா எழுதுங்க."

"சரி, வர்றேன்" என்றாள். "ஃப்ரீடலுக்குச் செருப்பு வாங்கணும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

செப்டம்பர் ஞாயிறு, நல்ல வெயில். நகரசபை வாசலில் பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். நீள மேஜை, வெள்ளை விரிப்பு, இரண்டு மைக்கூடு. ஜனங்கள் அவள் முக்காடும் பழைய பாவாடையுமாக வருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் கறுப்பு உடையில், தலையை வாரிப் பின்னி, சவ அடக்கத்துக்கு வருவது போல வந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்து போனார்கள்.

அவள் எழுதி என் பக்கம் தள்ளுவாள், கீழே நான் 'ஓ. ஃபெல்க்னர்' என்று போடுவேன், ரோசல் மை ஒற்றிக் கொடுப்பார். முதல் மூன்று நோட்டில் அவள் என்ன எழுதினாள் என்றே நான் பார்க்கவில்லை. என் கையெழுத்தின் வால் அழகாக வளைகிறதா என்பதில்தான் என் கண் இருந்தது. மூன்றாவது நோட்டை வாங்கியவர் லைப்சிக்கிலிருந்து வந்த தடித்த மனிதர், கையில் பூதக்கண்ணாடி. அதை வைத்துப் படித்துவிட்டு, "யாரும்மா இந்த ஏர்வின்?" என்று கேட்டார்.

"என் பையன்."

நான்காவது நோட்டு என் முன்னால் கிடந்தது. குனிந்து பார்த்தேன். வாத்துகளுக்கு மேலே, வானத்துக்கென்று நான் விட்டிருந்த வெற்றிடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில் இருந்தது: ஏர்வின் கோபர். மூன்று வயது. 9 மார்ச் 1917.

"அந்தக் கிழங்கெல்லாம்..." என்றார் தடித்தவர்.

"அவனுக்கும் அவன் அக்காவுக்கும். என்னை உள்ள வெச்சாங்க, மூணு நாள். திரும்பி வந்தப்ப அவனுக்குக் காய்ச்சல்."

அவர் தொப்பியைக் கழற்றினார். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் நோட்டை நீட்டி, "எனக்கும் அதே மாதிரி போடுங்க, வயசு, தேதி எல்லாம் விடாம" என்றார். என் பக்கம் குனிந்து, "இதுக்கு நல்ல விலை வரும், இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் எழுதினாள். நாற்பதுக்கு மேல் எழுதினாள். ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளையின் பெயருக்கும் தேதிக்கும் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து போட்டுக்கொண்டே போனேன்.

மேயர் சிரித்தபடி வந்தார், ஒரு நோட்டை எடுத்துப் படித்தார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா, பேரு மட்டும் போதுமே?"

"எதை வேணா எழுதலாம்னு வாத்தியார்தான் சொன்னாரு."

மேயர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். வாத்தியக்காரர்களை இன்னொரு பாட்டு ஊதச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கூலி ஒரு உறையில் வந்தது. அவள் பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு நானே கொட்டகைக்குப் போனேன். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஹெட்விக் அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு, அந்த பிப்ரவரியில, நானும்..."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாசக்கதவை உங்களுக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தானே. பை கனத்துல ஒரு தோள் சாஞ்சு கெடந்துச்சு. நோல் உங்களுக்கு சல்யூட் அடிச்சாரு. அடுத்து நான் போனேன்."

 கவிழ்த்து வைத்திருந்த தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். "நாலு வருஷம் என் துணியைத் துவைச்சீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எதுக்குச் சொல்லணும்? இந்தாளுக்கும் பசின்னு நெனைச்சுக்கிட்டேன். பசிச்சவரைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல." துணியை உதறினாள். "நோட்டைப் பாத்தப்பதான், சரி, இவருக்கு அது மறந்தே போயிருக்கும்னு நெனைச்சேன்."

"மறக்கல."

அவள் கை நின்றது. "மறக்காமலா வரைஞ்சீங்க?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அது இன்னும் கேவலம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். நான் எழுந்தபோதுதான் சொன்னாள். "இதை எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? என்னைப் பத்தி யார்கூட உக்காந்து சிரிச்சீங்களோ, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்புறம், உங்க துணியை நீங்களே துவைச்சுக்கங்க."

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் கறுப்பு வாத்துக்குப் போனேன். அதே மேஜை, அதே ஆட்கள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஏழு கிழங்கு, தோல்பை, சல்யூட், எல்லாம்.

 மதுக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "ஏழு கிழங்குக்கா வாத்தியாரே இவ்வளவு பெரிய பாவமன்னிப்பு? அந்த வருஷம் நான் ஒரு பன்னியையே கணக்குல காட்டாம அறுத்தேன். எனக்கும் ஒரு படம் போடுங்க!"

"எல்லாரையும் போட்டா அறுபது நோட்டு அச்சடிக்கணும்" என்றார் மேயர். "உக்காருங்கய்யா. பீர் நுரை அடங்குது."

ரோசல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக் கோடியில் நோல் மட்டும் கழுத்துவரை சிவந்து போயிருந்தார். "பை கனமா இருந்தது எனக்கும் தெரிஞ்சுதுங்க ஐயா" என்றார் அவர். "வாத்தியாராச்சேன்னு விட்டேன்."

அவர் அதைச் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பேச்சு பீட்ரூட் விலைக்குத் திரும்ப ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து, படிக்கும் மேஜை அளவு தாள் ஒன்றை விரித்தேன். நோட்டைப் போலவே ஓரப் பூவேலை, முத்திரை, 'வாலர்ஸ்ரோடா, எண் ஏழு' என்ற தலைப்பு. நடுவில் குட்டைக் காலோடு நான். பிதுங்கும் தோல்பை. சல்யூட் அடிக்கும் போலீஸ். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண், முதுகு மட்டும். அவள் முகத்தை வரைய எனக்கு இனி உரிமையில்லை. கீழே பாட்டு எதுவும் எழுதவில்லை. என் பெயரையும் தேதியையும் கிழங்கின் எண்ணிக்கையையும் எழுதினேன். சந்தை நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன் நகரசபை அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டினேன்.

கூட்டம் கூடியது. சிலர் சிரித்தார்கள். சிலர் படித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று நகர்ந்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் ஃப்ரீடல் வந்து நின்றாள். காலில் புதுச் செருப்பு. படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு சரியா வரல சார். உங்களுக்கு இன்னும் நீளம்."

"ஆமாம்" என்றேன்.

"மத்தவங்க மூக்கெல்லாம் சரியாத்தான் வருது உங்களுக்கு" என்றாள், போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் மேயர் அதைக் கிழித்தெடுத்தார். இரண்டு வாரத்தில் கல்வி அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது: பொதுப் பணத்தைக் கேலி செய்ததாகக் குற்றம். ஜனவரியில் மலைக்கிராமப் பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். நான்காம் எண் நோட்டு அதன் கெடு முடியும்வரை விற்றது. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்தது. ஹெட்விக்கை அதற்குப் பிறகு தெருவில் சிலமுறை பார்த்தேன். அவள் ஒதுங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அவள் கையால் எழுதிய அந்த நாற்பது சொச்சம் நோட்டுகளுக்கு இப்போது தனி மவுசு. யாரோ என் முகவரியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'ஏர்வின் நோட்டு' தங்களிடம் மீதி இருக்குமா, என்ன விலையானாலும் சரி என்று சேகரிப்பவர்கள் எழுதுகிறார்கள். போன வாரம்கூட ட்ரெஸ்டனிலிருந்து ஒன்று வந்தது, பதிலுக்கென்று தபால் தலையும் வைத்து. கடிதத்தை அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன் தபால் தலையை மட்டும் கவனமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குத்தான் நான் திருந்தியிருக்கிறேன்.